வாசகர் கேள்வி – பதில்: ஆபரேஷன்ஸ் வகுப்பில் ஆன்லைன் விளையாட்டு

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருந்தன. ஆபரேஷன்ஸ் மேனேஜ்மென்ட் (உற்பத்தியையும் சரக்கு ஓட்டத்தையும் திட்டமிட்டு நடத்துவது) பாடத்துக்கு ஆன்லைன் விளையாட்டு உதவுமா, எப்படி நடத்துவது என்பதுதான் அது. உற்பத்தித் திட்டமிடலில் சில காலம் வேலை பார்த்துவிட்டுக் கற்பிக்க வந்தவள் என்பதால் இது என் மனதுக்கு நெருக்கமான விஷயம். எனவே இந்த இதழ் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். மற்ற கடிதங்களுக்கு அடுத்த இதழில் பதில் வரும்.

கேள்வி: எம்.பி.ஏ. மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன், மேடம். இருப்பு மேலாண்மை, காத்திருப்பு வரிசை எல்லாவற்றுக்கும் சூத்திரம் சொல்லிக் கொடுத்தால் கணக்கைச் சரியாகப் போட்டுவிடுகிறார்கள். தேர்வு முடிந்து கேட்டால் ஒன்றும் நிற்பதில்லை. விளையாட்டு வைத்து நடத்தலாம் என்று நினைக்கிறேன். எதில் தொடங்குவது? (உதவிப் பேராசிரியை ஒருவர்)

தாராளமாக நடத்துங்கள். பீர் கேமில் தொடங்குங்கள். 1960 வாக்கில் எம்.ஐ.டி.யில் ஜே ஃபாரெஸ்டரின் குழு உருவாக்கியது இது. அன்றைக்கு நீளமான பலகை, காய்கள், காகிதச் சீட்டுகள் என்று ஆடினார்கள். இன்றைக்கு பிரவுசரிலேயே ஆடலாம், இலவசப் பதிப்புகளும் இருக்கின்றன. பெயர் உறுத்தினால் பழச்சாறு என்று மாற்றிக்கொள்ளுங்கள், பாடம் மாறாது.

நான்கு பேர் ஒரு சங்கிலி. சில்லறைக் கடைக்காரர், மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், தொழிற்சாலை. ஒவ்வொரு வாரமும் ஒவ்வொருவரும் எடுக்க வேண்டிய முடிவு ஒன்றே ஒன்றுதான்: மேலே இருப்பவரிடம் எத்தனை பெட்டி ஆர்டர் போடுவது? கையில் ஒரு பெட்டி தேங்கினால் வாரத்துக்கு அரை டாலர் செலவு. கேட்ட பெட்டியைக் கொடுக்க முடியாமல் பாக்கி வைத்தால் ஒரு டாலர். ஆர்டர் மேலே போய்ச் சேர இரண்டு வாரம், சரக்கு கீழே வந்து சேர இன்னும் இரண்டு வாரம். ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது. ஆரம்பத்தில் ஆளுக்கு 12 பெட்டி கையிருப்பு. விதிகள் அவ்வளவுதான், விளக்கிச் சொல்லப் பதினைந்து நிமிடம் போதும்.

ஆட்டம் தொடங்கிச் சில வாரம் எல்லாம் அமைதியாகப் போகும். அப்புறம்தான் கூத்து. என் வகுப்பில் விநியோகஸ்தராக உட்கார்ந்த ஒரு மாணவிக்குக் கையில் சரக்கே இல்லை, 20 பெட்டி பாக்கி நின்றது. அந்த வாரம் 30 ஆர்டர் போட்டார். அடுத்த வாரம் சரக்கு வரவில்லை என்று மறுபடியும் 30. அதற்கடுத்த வாரம் இன்னொரு 30. “மேலே இருப்பவர் அனுப்பவே மாட்டேன் என்கிறார், மேடம்” என்று என்னிடமே புகார் சொன்னார். முதலில் போட்ட ஆர்டர் அப்போதுதான் தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. பிறகு அத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து இறங்கியது. அதற்குள் கீழேயிருந்து வரும் ஆர்டர் வற்றிவிட்டது. கடைசிவரை அவர் திரையில் ஆர்டர் கட்டத்தில் பூஜ்யம், இருப்புக் கட்டத்தில் மலை.

ஆட்டம் முடிந்ததும் யாரையும் எழவிடாதீர்கள். ஆளுக்கு ஒரு வெள்ளைத்தாள் கொடுத்து, “வாடிக்கையாளர் வாராவாரம் எத்தனை பெட்டி கேட்டிருப்பார்? கோடு போட்டுக் காட்டுங்கள்” என்று சொல்லுங்கள். கடைக்காரராக இருந்தவர்கள் மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. பெரும்பாலானவர்கள் அலையலையாகப் போடுவார்கள். ஏறி, உச்சிக்குப் போய், விழுந்து, மறுபடி ஏறும் கோடு. பிறகு உண்மையான கோட்டைத் திரையில் போடுங்கள். முதல் நான்கு வாரம் 4 பெட்டி, ஐந்தாவது வாரத்திலிருந்து 8 பெட்டி, முடியும்வரை அதே 8. ஒரே ஒரு படி, அவ்வளவுதான். அலை முழுவதும் அவர்கள் நான்கு பேரும் சேர்ந்து உண்டாக்கியது.

இதை ஆராய்ச்சியாகவே செய்து 1989இல் எழுதியவர் ஜான் ஸ்டெர்மன். அவர் பார்த்த குழுக்களில் கடைக்காரரின் ஆர்டர் உச்சம் சராசரியாக 15 பெட்டி, தொழிற்சாலையின் உச்சம் 32. வாடிக்கையாளர் கேட்டதோ 8. நிதானமாக ஆர்டர் போட்டிருந்தால் ஆகியிருக்கக்கூடிய செலவைப்போல் பத்து மடங்கு செலவாகியிருந்தது. ஆட்டக்காரர்கள் கையில் இருக்கும் சரக்கைப் பார்த்தார்கள், வழியில் வந்துகொண்டிருக்கும் சரக்கைக் கணக்கில் போதுமான அளவு சேர்க்கவில்லை என்பது அவருடைய முக்கியமான முடிவு. மேலே சொன்ன மாணவியின் மூன்று 30களை இதோடு வைத்துப் பாருங்கள்.

இவ்வளவும் ஆனபிறகு புல்விப் விளைவு என்ற பெயரைச் சொல்லுங்கள். கீழே தேவையில் வரும் சின்ன மாற்றம் சங்கிலியில் மேலே போகப் போக ஆர்டர்களில் பெரிய அலையாவதுதான் அது. ஹௌ லீ, பத்மநாபன், வாங் மூவரும் 1997இல் சொன்ன நான்கு காரணங்களை அப்போது எடுங்கள்: ஆர்டரையே தேவை என்று நம்பித் திருத்திக்கொண்டே போகும் கணிப்பு, மொத்தமாகச் சேர்த்து ஆர்டர் போடுவது, விலை ஏற்ற இறக்கம், தட்டுப்பாடு வரும்போது கூடுதலாகக் கேட்டு வைப்பது. இந்த ஆட்டத்தில் விலை மாறவே இல்லை, மொத்தமாகச் சேர்க்க வேண்டிய அவசியமும் இல்லை. அப்படியிருந்தும் அலை வந்தது ஏன் என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்விதான் வகுப்பைச் சூடாக்கும். இந்தப் பேச்சுக்கு ஆட்டத்துக்குக் கொடுத்த அளவு நேரமாவது ஒதுக்குங்கள். நேரம் போதவில்லை என்றால் ஆட்டத்தை 25 வாரத்தோடு நிறுத்துங்கள், பேச்சைக் குறைக்காதீர்கள். எந்த வாரத்தில் நிறுத்தப் போகிறீர்கள் என்பதையும் முன்னதாகச் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் கடைசி வாரங்களில் இருப்பைத் துடைத்து வைக்கப் பார்ப்பார்கள், படம் கெட்டுவிடும்.

கேள்வி: அந்த 4, 8 ரகசியம் இணையத்தில் எங்கு தேடினாலும் கிடைக்கிறதே? என் மாணவர்கள் முன்கூட்டியே படித்துவிட்டு வருகிறார்கள். (பகுதிநேர விரிவுரையாளர்)

வரட்டும். ஆன்லைன் பதிப்புகள் பலவற்றில் தேவை எண்களை நீங்களே மாற்றிக்கொள்ளலாம். 5இலிருந்து 9, வேறொரு வாரத்தில் என்று வையுங்கள். ஆனால் நான் அதற்கும் மேலே போகச் சொல்வேன். தேவை எப்படி வரும் என்பதை எல்லோருக்கும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டே ஒரு குழுவை ஆடவிடுங்கள். கிராசன், டொனஹ்யூ இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில் இதைத்தான் செய்தார்கள். தேவையின் பரவல், அதாவது எந்த எண் எவ்வளவு வாய்ப்பில் வரும் என்பது, எல்லோருக்கும் தெரியும், அது மாறவும் இல்லை. அப்போதும் ஆர்டர்கள் மேலே போகப் போக ஊதிப் பெருத்தன. வாடிக்கையாளரைத் தெரிந்திருந்தாலும் பக்கத்தில் இருக்கும் கூட்டாளி எப்படி ஆர்டர் போடுவார் என்பது தெரியாதே! படித்துவிட்டு வந்த மாணவர்களை மொத்த வியாபாரி இடத்தில் உட்கார வையுங்கள். தெரிந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார்கள் என்று அவர்களே பார்க்கட்டும்.

கேள்வி: எங்கள் வகுப்பில் ஒரு ஆன்லைன் தொழிற்சாலை விளையாட்டு வைத்தார்கள். எங்கள் குழு கடைசி. யாரிடம் கடைசியில் அதிகப் பணம் இருக்கிறதோ அந்த வரிசைப்படி மார்க் போட்டுவிட்டார்கள். இது நியாயமா மேடம்? (எம்.பி.ஏ. மாணவர்)

இல்லை தம்பி, எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஒரு குழு நன்றாக யோசித்து ஒரு இயந்திரம் வாங்கியிருக்கும். இன்னொரு குழு பக்கத்துக் குழுவைப் பார்த்து வாங்கியிருக்கும். கடைசிப் பணத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரியும். வரிசைப்படி மார்க் என்றால் மாணவர்கள் விளையாட்டின் ஓட்டைகளைத் தேடத் தொடங்கிவிடுவார்கள், கடைசி நாளில் இயந்திரங்களை விற்றுப் பணமாக்குவது மாதிரி. அதில் ஆபரேஷன்ஸ் எங்கே இருக்கிறது?

ஜெயித்த குழுவுக்கு ஒரு கைதட்டல் கொடுக்கலாம், வேண்டுமானால் மொத்த மார்க்கில் சிறு பங்கு. மீதி, எடுத்த முடிவைப் பற்றி எழுதும் குறிப்புக்குத்தான். எந்த எண்ணைப் பார்த்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது, இரண்டும் ஏன் ஒத்துப்போகவில்லை? கடைசியாக வந்த குழுவிடம்தான் இதற்கு நல்ல சரக்கு இருக்கும். உங்கள் ஆசிரியரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். இப்படி ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போய், “இதையும் படித்துப் பாருங்கள்” என்று கொடுங்கள்.

கேள்வி: தொழிற்சாலையில் பல வருட அனுபவம் உள்ள சூப்பர்வைசர் நான். பயிற்சி என்று கூப்பிட்டு கம்ப்யூட்டரில் விளையாடச் சொல்கிறார்கள். நிஜ மெஷினைப் பார்க்கிற எங்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

உங்கள் கேள்வியில் இருக்கும் கோபம் எனக்குப் புரிகிறது. நிஜ மெஷினின் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்லும் உங்களுக்கு அதைப் பற்றி எந்த விளையாட்டும் எதுவும் கற்றுத்தர முடியாது. ஆனால் ஒன்றை நிஜத் தொழிற்சாலை காட்டாது. நீங்கள் இன்று எடுத்த முடிவின் பலன் ஆறு மாதம் கழித்து எங்கே போய் விழுந்தது என்பதை. அதற்குள் வேறு நூறு விஷயம் மாறியிருக்கும்.

லிட்டில்ஃபீல்ட் டெக்னாலஜீஸ் என்று ஒரு விளையாட்டு. ஸ்டான்ஃபோர்டில் சாமுவேல் வுட், சுனில் குமார் இருவரும் உருவாக்கியது, இன்று பல நாட்டு வகுப்புகளில் ஓடுகிறது. சாட்டிலைட் ரிசீவர் செய்யும் ஒரு கற்பனைத் தொழிற்சாலை. மூன்று நிலையங்கள், நான்கு படிகள். பரிசோதனை நிலையத்துக்கு மட்டும் ஒவ்வொரு வேலையும் இரண்டு தடவை வரும். நீங்கள் தூங்கினாலும் அது ஓடிக்கொண்டிருக்கும். எந்த நிலையத்துக்கு இன்னொரு இயந்திரம் வாங்குவது, எந்த வேலையை முதலில் எடுப்பது, எவ்வளவு சீக்கிரம் தருகிறேன் என்று வாடிக்கையாளரிடம் ஒப்புக்கொள்வது என்றெல்லாம் முடிவு எடுக்க வேண்டும். சீக்கிரம் தருவதாகச் சொன்னால் விலை அதிகம், தாமதித்தால் அந்த வருமானம் கரையும்.

அனுபவசாலிகள் இதில் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. இயந்திரம் சும்மா நிற்கக் கூடாது என்பது தொழிற்சாலையில் நமக்கு ஊறிப்போன பழக்கம். ஒரே ஒரு இயந்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை எப்போது வரும் என்றும் தெரியாது, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதும் சீராக இல்லை. வரிசைக் கோட்பாட்டின் மிக எளிய மாதிரி இது. இயந்திரம் 80 சதவீத நேரம் ஓடினால் சராசரியாக 4 வேலைகள் அங்கே நிற்கும். 90 சதவீதம் ஓடினால் 9. 95 சதவீதம் என்றால் 19. கடைசி ஐந்து சதவீதத்தைக் கறந்தெடுக்கக் கூட்டம் இரட்டிப்புக்கு மேல் ஆகிறது. கரும்பலகையில் இதைப் போட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். திரையில் உங்கள் சொந்த நிலையத்தின் முன்னால் வரிசை வளர்வதையும், வாக்குக் கொடுத்த நேரம் தவறித் தவறி வருமானம் இறங்குவதையும் பார்க்கும்போதுதான் “கொஞ்சம் உற்பத்தித் திறனைச் சும்மா வைத்திருக்க வேண்டும்” என்பது வயிற்றில் இறங்கும்.

ஜான் லிட்டிலின் விதியையும் அங்கேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள். 1961இல் அவர் நிரூபித்தது. உள்ளே நிற்கும் வேலைகளின் எண்ணிக்கையை ஒரு நாளைக்கு முடிந்து வெளியேறும் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு வேலை உள்ளே இருக்கும் நாட்கள் கிடைத்துவிடும். உள்ளே 30, நாளைக்கு 10 வெளியேறுகிறது என்றால் 3 நாள். வாடிக்கையாளருக்கு ஒரு நாளில் தருகிறேன் என்று கையெழுத்துப் போடும் முன் இந்த ஒரு வகுத்தல் போதும். பயிற்சி நடத்துபவரிடம் நான் சொன்னதாக இதையும் கேளுங்கள்: ஆட்டத்தின் முடிவில் உங்கள் தொழிற்சாலையில் இதே வரிசை எங்கே நிற்கிறது என்று பேச நேரம் உண்டா? இல்லை என்றால் உங்கள் கோபம் நியாயமானதே.

கேள்வி: பாடத்திட்டம் முடிவதே பெரும்பாடு. இதில் இரண்டு மணி நேரத்தை விளையாட்டுக்குக் கொடுக்க முடியுமா? கொடுத்தாலும் பாடத்துக்கு முன்பா, பின்பா? (துறைத்தலைவர்)

கொடுக்க முடியும், சார். இருப்பு, தேவைக் கணிப்பு, விநியோகச் சங்கிலி மூன்றுக்கும் தனித்தனியாகச் செலவாகும் முன்னுரை நேரம் பீர் கேமுக்குப் பிறகு தேவைப்படாது. “அன்றைக்கு உங்கள் இருப்பு அப்படி எகிறியதே” என்று ஒரு வரி சொன்னால் போதும், வகுப்பு அங்கே வந்துவிடும்.

முன்பா பின்பா என்பது விளையாட்டைப் பொறுத்தது. பீர் கேமைப் பாடத்துக்கு முன்னால் வையுங்கள். முதலில் கோட்பாட்டைச் சொல்லிவிட்டால் ஆச்சரியம் போய்விடும், ஆச்சரியம் போனால் அந்த ஆட்டத்தில் பாதி போயிற்று. லிட்டில்ஃபீல்ட் மாதிரி கணக்குப் போட்டு ஆட வேண்டியதைப் பாடத்துக்குப் பின்னால் வையுங்கள். வரிசையும் திறனும் தெரியாமல் இறக்கிவிட்டால் குருட்டாம்போக்கில் இயந்திரம் வாங்குவார்கள், திரும்ப விற்றால் பாதி காசுகூடத் தேறாது. அது வகுப்பு வேளையைத் தின்னாது என்பது உங்களுக்கு இன்னொரு வசதி. மாணவர்கள் வீட்டிலிருந்து பார்த்துக்கொள்வார்கள்.

கேள்வி: எங்களிடம் கணினிகள் குறைவு, இணையமும் நம்பகமில்லை. விட்டுவிட வேண்டியதுதானா?

விட வேண்டாம். ஒரு இடத்துக்கு இரண்டு பேர் என்று உட்கார வைத்தால் நான்கு கைப்பேசியில் எட்டுப் பேர் ஆடலாம். இரண்டு பேர் என்பது எனக்கு உண்மையிலேயே பிடித்த முறை. ஆர்டர் போடும் முன் ஏன் என்று ஒருவர் மற்றவருக்குச் சொல்லியாக வேண்டும், ஆசிரியர் பக்கத்தில் நின்று அதைக் கேட்கலாம்.

இணையமே இல்லை என்றால் பகடை. ஐந்து பேர் வரிசையாக உட்கார்ந்து, பகடையில் விழுந்த எண் அளவுக்குத் தீக்குச்சிகளை அடுத்தவரிடம் தள்ள வேண்டும், கையில் இருப்பதற்கு மேல் தள்ள முடியாது. பகடையின் சராசரி 3.5. பத்துச் சுற்றில் கடைசியில் 35 குச்சி வர வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆடிப் பார்த்தால் அநேகமாக அதைவிடக் குறைவாகவே வரும். முதல் ஆளுக்கு 1 விழுந்த சுற்றில் இரண்டாம் ஆளுக்கு 6 விழுந்து என்ன பயன்? இருப்பதைத்தானே தள்ள முடியும். ஆன்லைனில் கூடுதலாகக் கிடைப்பது ஒன்றுதான். ஒவ்வொரு முடிவும் பதிவாகி, ஆட்டம் முடிந்த நொடியில் வரைபடமாக வந்துவிடும். தாளில் ஆடினால் வரைபடத்தை மாணவர்களையே வரையச் சொல்லுங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் கைப்பட வரைந்தவர்கள் நன்றாகப் பேசுகிறார்கள்.

கேள்வி: ஒரே விளையாட்டில் ஆபரேஷன்ஸ் முழுவதையும் கற்றுத்தர முடியாதா?

முடியாது. தி ஃபிரெஷ் கனெக்ஷன் என்ற பழச்சாறு நிறுவன விளையாட்டு ஓரளவு அந்தப் பக்கம் போகிறது. கொள்முதல், விற்பனை, உற்பத்தி, விநியோகச் சங்கிலி என்று நான்கு பொறுப்புகள், ஒருவர் முடிவு இன்னொருவர் காலில் விழும். துறைகளுக்குள் பேசிக்கொள்ளக் கற்றுக்கொடுக்க நல்லது. அடிப்படை தெரியாதவர்களை அதில் இறக்கினால் எண்களில் மூழ்கிவிடுவார்கள்.

கேள்வி: சின்னதாக ஒரு விளையாட்டை நானே செய்து பார்க்க ஆசை. நிரல் எழுதத் தெரியாது. வழி உண்டா? (புதிதாகப் பணியில் சேர்ந்த ஆசிரியர்)

உண்டு, ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போதும். பத்திரிகை விற்பவர் கணக்கைச் செய்யுங்கள். இன்று எத்தனை பிரதி வாங்கி வைப்பது? விற்காதது குப்பை, தீர்ந்துபோனால் கிடைத்திருக்க வேண்டிய லாபம் போச்சு. பணம் என்று வேண்டாம், புள்ளி என்றே வைத்துக்கொள்வோம். விற்கும் விலை 12 புள்ளி, வாங்கும் விலை 3. தேவை 1 முதல் 100 வரை எந்த எண்ணாகவும் சம வாய்ப்பில் வரும். இதை எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். மாணவர்கள் பகிர்ந்த ஷீட்டில் தங்கள் எண்ணைப் போட, நீங்கள் தேவைக்கு ஒரு சீரற்ற எண்ணை எடுத்துவிட்டு லாபத்தைக் காட்டுங்கள். இருபது சுற்று ஆடலாம்.

சரியான விடை 75. ஒரு பிரதி விற்றால் லாபம் 9, விற்கும் விலை 12, விகிதம் முக்கால், 100இல் முக்கால் பங்கு 75. வாங்கும் விலையை 9 ஆக்கினால் விகிதம் கால், விடை 25. பெரும்பாலோர் முதல் ஆட்டத்தில் 75க்குக் கீழும் இரண்டாவதில் 25க்கு மேலும் போடுவார்கள், இரண்டிலும் நடுவிலுள்ள 50ஐ நோக்கியே சாய்வார்கள். ஷ்வைட்சர், கஷோன் இருவரும் 2000இல் வெளியிட்ட சோதனையிலும் இந்தச் சாய்வுதான் தெரிந்தது. உங்கள் ஷீட்டில் இன்னொன்றும் தெரியும். நேற்றுத் தேவை 90 வந்திருந்தால் இன்று ஆர்டரைக் கூட்டுவார்கள், 10 வந்திருந்தால் குறைப்பார்கள். நேற்றைய எண்ணுக்கும் இன்றைய எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை என்று அவர்களுக்கு ஏற்கெனவே சொல்லியிருப்பீர்கள். ஒவ்வொருவருடைய ஆர்டருக்குப் பக்கத்தில் முந்தைய நாள் தேவையை ஒரு நெடுவரிசையில் வைத்துக் காட்டுங்கள், நீங்கள் எதையும் விளக்க வேண்டியிராது.

ஒரு எச்சரிக்கை. விலையை 3இலிருந்து 9க்கு மாற்றும்போது முதலிலேயே அறிவித்துவிடுங்கள். பாதியில் ஒளித்து மாற்றினால் அதன்பின் நடக்கும் எல்லாவற்றுக்கும் விலை மேல் பழி விழும், அவர்கள் போட்ட எண்ணைப் பற்றிப் பேசவே முடியாமல் போய்விடும்.